அக்காவுக்கு எந்த ஊர்க் காற்று

கனடாவிலிருந்து வருகிறவள் பெட்டியைத் திறந்தால் சாக்லேட் இருக்க வேண்டும், தலைவலித் தைலம் இருக்க வேண்டும், யாருக்காவது ஒரு செண்ட் பாட்டிலாவது இருக்க வேண்டும். என் பெட்டியில் இருந்தது காற்றை அளக்கிற ஒரு மீட்டர், அட்டைச் சட்டம் போட்ட ஒரு வெள்ளை ஃபில்டர், ஒரு டஜன் மாஸ்க். அரும்பாவூரில் என்னைப் பார்க்க வந்த அக்கம்பக்கத்துக்காரர்கள் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

"அவ்ளோ தூரத்துலேருந்து அட்டையத் தூக்கிட்டு வந்துருக்கா" என்று வாசலில் ஒருத்தி சொன்னது என் காதிலும் விழுந்தது.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் இருக்கிற ஊர் கனடாவின் மேற்குப் பக்கம், மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. கோடை வந்தால் காடு பற்றிக்கொள்ளும். மூன்று மலை தாண்டி எரிந்தாலும் புகை எங்கள் தெருவைத் தேடி வந்து, வேலையில்லாத விருந்தாளி மாதிரி வாரக்கணக்கில் உட்கார்ந்துவிடும். நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். கோடை வகுப்புப் பிள்ளைகளை மைதானத்தில் விளையாட விடலாமா என்பதை அங்கே காலையில் மீட்டரைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. வீட்டுச் சுவரிலும் ஒன்று மாட்டி வைத்திருக்கிறேன். அது சரி என்று சொல்லாமல் ஜன்னலைத் திறப்பதில்லை. மூச்சு விடுவதற்கும் அதனிடம் உத்தரவு வாங்குகிறேன் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

இந்தத் தடவை நான் வந்தது அக்கா இந்திராணிக்காக. மாமா இறந்த பிறகு அவள் அரும்பாவூர் வீட்டில் தனியாக இருக்கிறாள். முக்கால் ஏக்கர் வெங்காயம், ஒரு பசு, இரண்டு வருடமாக வீசிங், அதற்கு ஒரு இன்ஹேலர். மகன் குமரன் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் லாரிகளை எடை போடும் வேலையில் இருக்கிறான். அம்மா தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது அவன் கட்சி. அக்கா நகர மாட்டாள்.

"சிமெண்டுத் தூசில கொண்டுபோயி வச்சு என்னக் கொல்லப் பாக்குறியா? எங்க மலக்காத்து எங்க, ஒங்க ஊர்ப் புழுதி எங்க?" என்பாள்.

"மலக்காத்துலதாம்மா ஒனக்கு வீசிங் வந்துச்சு" என்பான் அவன்.

இரண்டு பேரும் மாறி மாறி கனடாவுக்குப் போன் போட்டு என்னிடம் நியாயம் கேட்பார்கள். ஒருநாள் பொறுமை போய் நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மீட்டரோடு வருகிறேன், எந்த ஊர்க் காற்று நல்லதென்று அது சொல்கிறதோ அந்த ஊரில் அக்கா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அக்கா உடனே ஒப்புக்கொண்டாள்.

"அவன் சொன்னா கேக்க மாட்டேன். நீ சொன்னா கேக்கவே மாட்டேன். மெஷின் சொன்னா கேக்கறேன். அதுக்கு யார் மேலயும் பாசம் கெடையாது" என்றாள்.

மூன்று நாள் அரியலூர், மூன்று நாள் அரும்பாவூர். இதுதான் ஒப்பந்தம்.

முதல் நாள் அக்கா வீட்டிலேயே மீட்டரை ஓட்டிப் பார்த்தேன். கையடக்கமான வெள்ளைப் பெட்டி. முன்னால் நம்பர் தெரியும். பின்னால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வலை போட்ட ஒரு வட்டம் உண்டு. காற்றை அது அந்த வழியாகத்தான் உள்ளே இழுக்கும். முன்பக்கத்தை எல்லோருக்கும் விளக்கினேன்: கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூசியை இது எண்ணுகிறது, இருபதுக்குள் இருந்தால் நிம்மதி, நூறைத் தாண்டினால் கதவைச் சாத்து. பின்பக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கொல்லையில் வைத்தபோது முப்பத்து நான்கு என்று காட்டியது. அக்கா எனக்காக அடுப்படியில் மோர்மிளகாய் வறுத்தாள். ஒரே நிமிடத்தில் மீட்டர் முந்நூறுக்குப் போனது. எங்கள் ஊரில் இப்படி ஏறினால் ரேடியோவில் எச்சரிக்கை படிப்பார்கள். இங்கே அக்கா இருமிக்கொண்டே தட்டில் கம்பஞ்சோற்றைப் போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றி, மேலே நான்கு மிளகாயை வைத்தாள். அதன் ருசியைப் பற்றி எழுதினால் மருத்துவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை மீட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மறுநாள் அரியலூருக்குப் பஸ். பாதி வழியில் முன்னால் போன சுண்ணாம்புக்கல் லாரியின் டயர் வெடித்து, அது சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி வேலிக்கருவை நிழலில் நின்றோம். நான் சும்மா இருக்காமல் மீட்டரை எடுத்தேன். கண்டக்டர் பக்கத்தில் வந்தார்.

"என்னங்கம்மா அது, சுகர் பாக்குற மெஷினா?"

"இல்லங்க, காத்து பாக்குறது."

"காத்து என்ன, அடிக்குது. அதுக்கு ஒரு மெஷினா?"

அதற்குள் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர், தன்னைப் பார்க்கச் சொல்லி மணிக்கட்டை நீட்டினார். இது ஆளைப் பார்க்காது, காற்றைத்தான் பார்க்கும் என்றேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டே மீட்டரின் மேல் ஊதினார். அப்போதுதான் பீடியை அணைத்திருப்பார் போல. நாற்பதில் இருந்த நம்பர் நூற்றெண்பதுக்குத் தாவியது. சுற்றி நின்றவர்கள் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். இன்னொரு தடவை ஊதிக் காட்டட்டுமா என்று கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து லாரியை நகர்த்தினார்கள். பஸ்ஸில் ஏறியதும் அக்கா என் காதில் கேட்டாள்.

"இவ்ளோ தூசில வெறும் நாப்பதுதான் காட்டுதே. மெஷின் அவன் பக்கமா?"

அந்தச் சந்தேகம் அரியலூரிலும் தீரவில்லை. குமரன் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம். இலையெல்லாம் வெள்ளை பூசிய மாதிரி இருந்தது. அக்கா ஒரு கொத்தைப் பறித்து, என் முகத்துக்கு நேரே உதறிக் காட்டினாள். மீட்டரை அங்கேயே வைத்தேன். நாற்பத்தொன்று. அக்கா அதைத் தட்டிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரிகிற பருத்த தூசியை இந்த மீட்டர் அவ்வளவாகக் கணக்கில் சேர்க்காது, அதில் பெரும்பங்கை மூக்கும் தொண்டையும் பிடித்துக்கொள்ளும், நுண்ணியதுதான் நெஞ்சின் அடிவரை போகும், புகையில் இருப்பதெல்லாம் அந்த ரகம் என்று நான் பாடம் நடத்தினேன். பருத்த தூசியும் கெடுதல்தான் என்று சேர்த்துச் சொன்னதை இரண்டு கட்சியுமே காதில் வாங்கவில்லை.

குமரனின் மனைவி தேவிக்குப் பிறந்த ஊர் தா.பழூர். நெல் விளைகிற பக்கத்துக்காரி. மாமியார் ஊரில் விளைகிற கம்பும் மக்காச்சோளமும் அவளுக்கு இன்றுவரை மாட்டுத் தீவனம்தான். அதை வாயால் சொல்லாமல் விரால் மீன் குழம்பால் சொன்னாள். "அத்தை, இன்னும் கொஞ்சம் சோறு வச்சுக்குங்க. எங்க ஊரு அரிசி, தொண்டைல நிக்காது" என்றாள். அக்கா மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டு, எங்கள் பக்கத்தில் வெங்காயம்தான் ருசி என்று முடித்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கடைத்தெருவில் டீ குடிக்கும்போது மீட்டரை மேஜைமேல் வைத்திருந்தேன். பக்கத்தில் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு இளைஞர்கள் இந்தியில் பேசிக்கொண்டார்கள். பள்ளிச் சமையலறையில் பஞ்சாபிப் பெண்களோடு வெங்காயம் உரித்த புண்ணியத்தில் எனக்கு இந்தி பாதி புரியும். "இது காற்று பார்க்கிற மெஷின். எங்கள் ஊரில் அறுவடை முடிந்து வயலைக் கொளுத்தும்போது கொண்டுபோய் வைத்தால் மூன்று இலக்கம் போதாது" என்றான் ஒருவன். "போன தடவை பண்டிகைக்குப் போனபோது என் அம்மாவையே பத்தடி தூரத்தில் அடையாளம் தெரியவில்லை" என்றான் மற்றவன். சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவன் போனை எடுத்து வெளியே போய் யாருக்கோ பேசினான்.

மூன்று நாளும் அரியலூர் முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவிலேயே நின்றது. அக்கா மூன்று நாளும் நன்றாகத் தூங்கினாள். இன்ஹேலரை ஒரே ஒரு தடவைதான் தொட்டாள். அதை நான் சொன்னதற்கு, மீன் குழம்பு உடம்புக்குச் சூடு, அதனால் சளி இளகிவிட்டது என்றாள்.

திரும்பும் நாள் வெள்ளிக்கிழமை. பெரம்பலூரில் பஸ் மாற வேண்டிய அக்கா, வெள்ளிக்கிழமையும் அதுவுமாகச் சிறுவாச்சூர் காளியைப் பார்க்காமல் போனால் எப்படி என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். திங்களும் வெள்ளியும்தான் அங்கே நடை திறக்கும். கேட்க வேண்டுமா கூட்டத்துக்கு. கற்பூரம் எரிகிற இடத்தில் மீட்டர் நானூறு காட்டியது. காளியின் முன்னால் அதைக் கையில் வைத்திருக்க எனக்கே கூச்சமாக இருந்தது. அக்காவிடம் கொடுத்துவிட்டு வெள்ளரிப்பிஞ்சு வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது மீட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

"மெஷினுக்கும் பொட்டு வச்சுட்டியா?"

"மோட்டருக்கு வக்கிறோம், மிக்சிக்கு வக்கிறோம். தீர்ப்பு சொல்ற மெஷினுக்கு வக்க வேணாமா?" என்றாள் அக்கா.

எனக்கு ஒரே சிரிப்பு. போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. மீட்டரைப் பார்த்தேன். எட்டு. நெடுஞ்சாலைக் காற்று, வெட்டவெளி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஏழு. அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பத்து பஸ் ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டிருந்தது. நம்பர் கையில் இருந்ததால் மூக்கைக் கேட்கவில்லை.

அரும்பாவூரில் அடுத்த மூன்று நாளும் மீட்டர் தங்கமாக நடந்துகொண்டது. ஆறு, எட்டு, ஐந்து. நான் மலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். பச்சைமலை என்று சும்மாவா பெயர் வைத்தார்கள் என்று தோன்றியது. கனடாவில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள்தான் இப்படிக் காட்டும். மீட்டரைச் சமையலறைப் பக்கம் எடுத்துப் போக வேண்டாம், பாவம், மிளகாய் நெடி அதற்கு ஆகாது என்று அக்கா தடுத்துவிட்டாள். நல்ல யோசனை என்று நானும் கூடத்து ஆணியிலேயே மாட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் குமரனுக்குப் போன் போட்டுத் தீர்ப்பைச் சொன்னேன்.

"மீட்டர் சரியாத்தான் இருக்கா, சித்தி?"

"கனடாவுலேருந்து கொண்டாந்த மீட்டர்டா."

"சரி சித்தி. அம்மாவ ரெண்டு மாத்திரையும் வேளைக்குப் போடச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டான். எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. அக்கா அன்றைக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயக் கோசு பண்ணி, எனக்கு ஒரு தோசை அதிகமாகவே வார்த்துப் போட்டாள். ஜெயித்த முகம் இல்லை. சீக்கிரமே படுக்கப் போய்விட்டாள்.

படுக்குமுன் வாசலைச் சாத்தப் போனபோது மலைச் சரிவில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். "மாசி கடைசின்னா மல மால போட்டுக்கும். சருகு காஞ்சு கெடக்குல்ல, பத்திக்கும். அதுவா அணஞ்சுடும்" என்றார். எங்கள் ஊரில் அப்படி ஒரு கோடு தெரிந்தால் துணிமணியை எடுத்துக் காரில் வைத்துக்கொள்வோம். இங்கே அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

விடியற்காலையில் ஒரு விசில் சத்தம் கேட்டு விழித்தேன். குக்கர் என்று நினைத்தேன். அது அக்காவின் நெஞ்சு. கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, மூச்சை எட்டி எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தெரு தெரியவில்லை. வெள்ளையாக மூடியிருந்தது. நான் எழுந்து நேரே கூடத்துக்கு ஓடி மீட்டரைப் பார்த்தேன். ஏழு.

"ஒண்ணுமில்லக்கா, பனிதான். மாசிப்பனி மச்சத் தொளைக்கும்னு சொல்லுவாங்கல்ல. காத்து சுத்தமாத்தான் இருக்கு" என்று சொல்லி, அவளுக்குக் காற்று வேண்டுமே என்று மூடியிருந்த இன்னொரு ஜன்னலையும் அகலத் திறந்துவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சொல்ல மூச்சு இல்லை. கையை நீட்டி ஜன்னலைக் காட்டினாள். இன்னும் திறக்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இன்ஹேலரைக் கொடுத்து முதுகைத் தடவினேன். என் கண் எரிந்தது. தொண்டை கரகரத்தது. தெருவில் யாரோ விடாமல் இருமினார்கள். ஊரே இருமுகிறது, நான் மட்டும் ஏழு ஏழு என்று ஜபிக்கிறேன். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று சும்மாவா சொன்னார்கள். எரிச்சலில் மீட்டரை ஆணியிலிருந்து பிடுங்கித் திருப்பினேன்.

பின்பக்கத்து வட்டத்திலும், வலையே தெரியாமல், கெட்டியாகச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். பொட்டு வைக்கவே செய்த இடம் மாதிரி அவ்வளவு பொருத்தம்.

தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவிச் சுரண்டினேன். சந்தனம் காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. ஏழு, முப்பதானது. வாயால் ஊதினேன். தொண்ணூறு. நூற்றெழுபது. இருநூற்றறுபதில் நின்றது. ஓடிப்போய் இரண்டு ஜன்னலையும் சாத்தினேன். அக்காவுக்கு மாஸ்க்கை மாட்டி, குமரனுக்குப் போன் போட்டு, முக்குக்கடை ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

ஆட்டோவில் சாமி படத்துக்கு முன்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அதை அணைக்கச் சொல்ல எனக்குத் தயக்கம். டிரைவர் தம்பி கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். நான் கேட்பதற்கு முன்பே ஊதுபத்தியின் முனையைக் கிள்ளி வெளியே போட்டார். "சாமி ஒண்ணும் சொல்லாதுங்க" என்றார். பெரம்பலூர் போகிறவரை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ஓட்டினார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை வைத்தார்கள். அரை மணி நேரத்தில் அக்காவின் தோள் கீழே இறங்கியது. முகத்தில் ரத்தம் வந்தது. நர்ஸ் என்னிடம், "காலைலேருந்து இவங்க அஞ்சாவது ஆளு. மலையடிவாரத்துலேருந்துதான் வராங்க. பொகைல வெளிய வுடாதீங்க" என்றார். குமரன் அரியலூரிலிருந்து பைக்கிலேயே வந்துவிட்டான். தலைமயிரெல்லாம் வெள்ளைப் புழுதி. அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டான். மீட்டரைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மத்தியானம் வீட்டுக்குத் திரும்பினோம். மலையில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அன்றைக்கே அரியலூருக்குப் போகலாம் என்றான் குமரன். பசுவுக்கும் வெங்காயத்துக்கும் ஆள் சொல்லாமல் நகர மாட்டேன் என்றாள் அக்கா. ஒருநாள் வேண்டும். அந்த ஒருநாளுக்கு ஒரு அறையையாவது புகை இல்லாமல் செய்ய வேண்டும் என்று நானும் குமரனும் இறங்கினோம். கனடாவில் கோடையில் இதைத்தான் செய்வோம். வீடு முழுவதையும் காப்பாற்ற முடியாது, ஒரு அறையைக் காப்பாற்றிக்கொள்.

சொல்வது சுலபம். நம் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் காற்று உள்ளே வருவதற்குத்தான் கட்டியிருக்கிறார்கள். ஜன்னலுக்கு மேலே மூடியில்லாத காற்றுத் துளைகள், கதவுக்கு அடியில் எலி நுழைகிற இடைவெளி. மைதா பசை காய்ச்சி, துளைகளில் பழைய காலண்டர் தாளை ஒட்டினோம். கதவடியில் ஈரத் துண்டைச் சுருட்டி வைத்தோம். கொசுவர்த்திக்குத் தடை, ஊதுபத்திக்குத் தடை, தாளிப்புக்குத் தடை. எல்லாம் முடித்து, டேபிள் ஃபேனின் முதுகில் கட்டுவதற்கு நான் கனடாவிலிருந்து தூக்கி வந்த ஃபில்டரைத் தேடினால் காணவில்லை.

"அந்த வெள்ள அட்டையா? மாடில இருக்கு" என்றாள் அக்கா.

மாடியில் போய்ப் பார்த்தேன். ஃபில்டரின் மேல் வரிசை வரிசையாக வெங்காய வடகம் காய்ந்துகொண்டிருந்தது. அடியில் காற்றோட்டம் இருப்பதால் பாயைவிடச் சீக்கிரம் காய்கிறதாம். வடகத்தை அள்ளி முறத்தில் போட்டுவிட்டு, ஃபில்டரைத் தட்டி எடுத்து வந்து ஃபேனோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டினேன். ஃபேனைப் போட்டதும் கடுகும் பூண்டும் வெங்காயமும் கலந்த வாசனை அறை முழுவதும் வீசியது. மீட்டரை, பின்பக்கத்தை இரண்டு தடவை துடைத்துவிட்டு, அலமாரியில் வைத்தேன். கூடத்தில் இருநூற்றிருபது. அறைக்குள் நூறு, அறுபது, ஒரு மணி நேரத்தில் இருபத்தெட்டு.

குமரன் பசுவுக்கு ஆள் பேசப் போயிருந்தான். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் என் மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"என்ன மன்னிச்சுருக்கா. நீ மூச்சுக்குத் தவிக்கிற, நான் மெஷினப் பாத்துட்டு ஜன்னலத் தொறந்து வுட்டேன்."

"நீ என்னடி பண்ணுவ. பின்னாலயும் பொட்டு வச்சவ நான்தான?"

"தெரியாம வச்ச."

அக்கா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வக்கிறப்ப தெரியாமத்தான் வச்சேன். வச்ச ஒடனே நம்பரு கடகடன்னு எறங்குச்சு. கோயில்ல அம்புட்டு கற்பூரம் எரியுது, எட்டுங்குது. அப்பவே புரிஞ்சு போச்சு. அழிக்கலாம்னு வெரல வச்சேன். நீ வெள்ளரிப்பிஞ்சோட வந்துட்ட. அப்பறம் மூணு நாளு இருந்துச்சு. அழிக்கல."

"ஏங்க்கா?"

"அரியலூர்ல மூச்சு நல்லாத்தான் இருந்துச்சு. அது எனக்குத் தெரியாதா? என் நெஞ்சு, எனக்குத் தெரியாதா?" என்றாள். கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "மூச்சு அங்க நல்லாருக்கு. ஆனா வூடு இங்கல்ல இருக்கு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. காலையில் அவள் கையை நீட்டி ஜன்னலைக் காட்டியது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. சாத்தச் சொல்லியிருக்கிறாள்.

குமரன் வந்ததும் தீர்ப்பை அவளே சொன்னாள். "மல எரியற வரைக்கும் அங்க வந்து இருக்கேன். மழ பேஞ்சு மண்ணு நனஞ்சுதுன்னா கொண்டாந்து வுட்டுரணும். நடுவுல யாரும் மீட்டரத் தூக்கிட்டு வரக் கூடாது." மறுநாள் காலை மாஸ்க்கோடு பஸ் ஏறினாள். போகுமுன் ஃபில்டர் கட்டிய ஃபேனுக்கு ஒரு பொட்டு வைத்தாள். எந்த இடத்தில் வைக்கலாம் என்று இந்தத் தடவை என்னைக் கேட்டுவிட்டு வைத்தாள்.

மீட்டரை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். வைகாசியில் மழை பெய்ததும் அவள் அரும்பாவூருக்குத் திரும்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டால் முதலில் நம்பர்தான் சொல்வாள். பதினெட்டு என்பாள், இருபத்திரண்டு என்பாள், தாளித்ததைச் சேர்த்துக்கொள்ளாதே என்பாள். பீடிப் பெரியவரைத் தேடிப்பிடித்து ஊதச் சொல்ல வேண்டும் என்று ஆசையாம்.

ஆவணியில் எங்கள் மலை எரிந்தது. பத்து நாளாகச் சூரியன் குங்குமப்பூ நிறத்தில் வந்து போய்க்கொண்டிருந்தது. பள்ளியை மூடிவிட்டார்கள். வீட்டுக்காரர் காரில் இரண்டு பெட்டியை ஏற்றி வைத்திருந்தார். சுவரில் மாட்டிய மீட்டரில் இருநூற்றுப் பன்னிரண்டு. அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள்.

"இங்க பதினாறு. அங்க எவ்ளோடி?"

உண்மையைச் சொன்னால் கிளம்பி அரும்பாவூருக்கு வந்துவிடு என்பாள். இருபத்து மூன்று வருடமாக இருக்கிற வீடு. சமையலறையில் என் பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்டு வைத்த சுவர் இருக்கிறது. அதை எப்படி அவளுக்குச் சொல்வது என்று யோசித்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பதினஞ்சுக்கா" என்றேன்.

அந்தப் பக்கம் பசு ஒரு தடவை கத்தியது கேட்டது.

"பொட்டு வச்சிருக்கியாடி?" என்றாள் அக்கா. "போயி மொதல்ல ஜன்னலச் சாத்து."